நாலாவதாகச் சொன்ன பேர்

இன்று காலை அண்ணி அம்மியில் கசகசா அரைத்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. பாயசம் எங்கள் பொறுப்பு. அந்த வாசனை வந்ததும் நான் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். "ஏம்மா, கசகசா உன்னை என்ன பண்ணுச்சு? அதைத் தின்னு யாருக்காவது மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டாள் அண்ணி. நியாயமான கேள்விதான். ஆனால் அபினும் கசகசாவும் ஒரே செடியில் வருகிறவை என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். நீங்கள் போன இந்த ஆறு வருடமாக அந்த விதையோடு எனக்குப் பகை. உங்கள்மேல் கோபித்துக்கொள்ள வழியில்லாதபோது எதன்மேலாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே.

இறந்துபோன புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறவளை ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். சொல்லட்டும். பதுளையில் பள்ளிக்கூடம் போய் நாலு எழுத்துக் கற்றுக்கொண்டது வேறு எதற்கு? நீங்கள் இருந்தபோது நமக்குள் கடிதத்துக்கு வேலை இருக்கவில்லை, அந்த மொனராகலை ஆறு மாதத்தைத் தவிர.

லுணுகலைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த உங்களை, ரப்பர் வைக்கக் காடு வெட்டும் ஆட்களைப் பார்த்துக்கொள்ள மொனராகலைக்கு அனுப்பினார் துரை. போனவர் வேறு, வந்தவர் வேறு. கண்ணும் நகமும் மஞ்சள், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல், நிற்காத வயிற்றோட்டம். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள். பல் முளைக்கிற பிள்ளைக்கே அதைத் தொட்டு வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அவர்கள். மிளகளவு அபினைத் தேனில் குழைத்து உங்கள் நாக்கில் முதலில் வைத்தவள் நான்தான். அன்று நீங்கள் நன்றாகத் தூங்கினீர்கள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மிளகு கடலையானது எப்போது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாராயம் குடிக்கிறவனென்றால் சத்தம் இருக்கும், உடைந்த சட்டி இருக்கும். நீங்கள் ஒரு சொல் உரக்கப் பேசவில்லை. "அடிக்கிறாரா, உதைக்கிறாரா? உனக்கு என்ன குறைச்சல்?" என்று என்னையே கேட்டார்கள். மூக்கைச் சொறிந்துகொண்டு, பாதிக் கண் மூடி, எதற்கும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சோற்றில் உப்புப் போட மறந்தாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவீர்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்க, நீங்கள் நின்றபடியே தூங்குகிறீர்கள் என்று துரை இரண்டு தடவை எச்சரித்தார். நாலு வருடம் ஒரு நல்ல மனிதரோடு குடித்தனம் செய்தேன். அவர் வீட்டில்தான் இல்லை.

"நாளையிலேருந்து பாதியாக் கொறைச்சிடுறேன் புள்ள" என்று சொல்வீர்கள். பொய் சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது. சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னீர்கள், அதுதான் என்னைக் கொன்றது.

பிறகு சர்க்கார் அபின் கடைகளை மூடிவிட்டது என்று தமுக்கு அடித்தார்கள். பழக்கம் உள்ளவர்கள் கெடுவுக்குள் பதுளையில் பேர் பதிந்துகொள்ள வேண்டும்; பதிந்தவர்களுக்கு மட்டும் அளவாகக் கொடுப்பார்கள். அப்போது உங்கள் கால் சுளுக்கி வீங்கியிருந்தது. "நீ போய் எம் பேரைப் பதிஞ்சிட்டு வந்துடு. மறந்துடாத புள்ள" என்று கையைப் பிடித்துக் கேட்டீர்கள். ஒரு சேலை வாங்கித் தாங்க என்று நான்கூட உங்களிடம் அப்படிக் கெஞ்சியதில்லை.

அரிசி வண்டியில் பதுளைக்கு வந்தேன். பதிகிற இடத்தில் இருந்தவர் நம்மவர், வயதானவர், தன்மையாகப் பேசினார். "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? அவருக்கும் அது தெரியும். "சரி, சாடையாச் சொல்லுங்க." "மலைமேல இருக்கிற சாமிங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். "வேலுவா?" இல்லை என்று தலையசைத்தேன். "கந்தனா?" இல்லை. "பழனியா?" இல்லை. நாலாவதாக உங்கள் பேரைச் சொன்னார்.

அந்தப் பேர் அந்தப் புத்தகத்தில் ஏறினால் சாகும்வரை அபின் உங்களுக்கு உறுதி என்று தோன்றியது. ஏறாவிட்டால் என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைப்பார். நான் தலையசைத்தேன், இல்லை என்று. அவர் இன்னும் இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்துவிட்டு, "அவரையே கூட்டிட்டு வாங்கம்மா, இன்னும் இருபது நாள் இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து உங்களிடம், "கெடு முடிஞ்சிருச்சாங்க" என்றேன். உங்கள் முகம் விழுந்துபோனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கையிருப்பு தீர்ந்தபின் எட்டு நாள் பட்டீர்கள். தும்மலும் மயிர்க்கூச்சமும் வாந்தியும், கால்கள் தாமாக உதைத்துக்கொள்வதும். கஞ்சியை ஊட்டி ஊட்டித் துடைத்தேன். ஒன்பதாம் நாள் ரொட்டி கேட்டீர்கள். ஐந்து ரொட்டி! தேங்காய்ச் சம்பலை வாயில் வைத்துவிட்டு, "என்ன புள்ள, உப்பை அள்ளிக் கொட்டியிருக்க? மனுசன் திங்கிறதா?" என்று சண்டைக்கு வந்தீர்கள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். நாலு வருடத்தில் முதல் தடவையாக என் சமையலைத் திட்டினீர்கள்.

அதன்பிறகு மூன்று மாதம். கூரை ஒழுக்கைக் கண்டுபிடித்து நீங்களே ஏறி அடைத்தீர்கள். பெரட்டில் உங்கள் குரல் நம் வீடுவரை கேட்டது. முதல் வாரத்திலேயே ஒரு தரம் துரை கடிதம் கொடுத்துப் பதுளைக்கு அனுப்பினார். திரும்பி வந்த அன்று சாயங்காலம் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, சோத்தைப் போடு" என்றீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாடு வாங்க லுணுகலைக்குப் போனீர்கள். மத்தியானம் நாலு பேர் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்களாம். தூங்குகிறீர்கள் என்றுதான் நினைத்தார்களாம். மடியில் கருவாட்டுப் பொட்டலம் இருந்ததாம். களவாக விற்கிறவன் ஒருவன் சந்தையில் இருந்திருக்கிறான். "விட்டுட்டு மூணு மாசம் கழிச்சுப் பழைய அளவையே தின்னா ஒடம்பு எப்படிம்மா தாங்கும்?" என்றார் தோட்டத்து மருந்துக்காரர். கடலையளவு உங்களைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது.

நான் பதுளைக்கு அண்ணன் வீட்டோடு வந்த பிறகு, ஒரு நாள் கோயில் வாசலில் அந்தப் பதிகிறவரைப் பார்த்தேன். அவர்தான் அடையாளம் கண்டு நிறுத்தினார். "வீட்டுக்காரர் அப்பவே வந்தாரும்மா. 'எம் பொண்டாட்டி வந்தப்ப கெடு முடிஞ்சிருச்சாமே'ன்னார். கெடு இன்னும் ஆறு நாள் இருக்கு, பதிஞ்சிக்கங்கன்னு சொன்னேன். நீங்க வந்ததையும் சொன்னேன், எல்லாப் பேருக்கும், அவர் பேருக்குங்கூட, இல்லேன்னு தலையாட்டுனதையும். அப்புறம், 'எம் பொண்டாட்டி இல்லேன்னு சொன்ன பேருங்க. அது இல்லாமலே இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."

எல்லாம் தெரிந்துதான் அன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அடித்திருக்கலாம். "ஏன்டி பொய் சொன்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தனியாகச் சந்தைக்கு விட்டிருக்க மாட்டேன். என் மனம் நோகக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டீர்கள். நானும் என் பொய்யை மூடிக்கொண்டு, குணமாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த மூன்று மாதம் கிடைத்ததே என்று அண்ணி என்னைத் தேற்றுகிறாள். நானும் தலையை ஆட்டுகிறேன். ஆனால் உங்களிடம் மறைக்க எனக்கு இனி ஒன்றுமில்லை. இன்று அந்தப் பதிகிறவர் மறுபடி அந்தப் புத்தகத்தைத் திறந்துவைத்துக் கேட்டால், சாடை காட்ட மாட்டேன். ஊரே கூடி நின்றாலும் உங்கள் பேரை உரக்கச் சொல்வேன். நீங்கள் அபினைத் தின்றுவிட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டு, உப்பில்லாத சோற்றை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு இருங்கள். எனக்கு அது போதும்.