ஆறு நிமிடம் என்று எழுதியவள் நான்தான்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பதாவது சோதனை. எலும்புப் பசை மூன்று மில்லிமீட்டர் குழாய் வழியே நூல் பிடித்தாற்போல் இறங்கியது. நொறுங்கிய முதுகெலும்புக்குள் இதை இப்படியே செலுத்திவிடலாம். முதுகைக் கிழிக்க வேண்டாம். அடுத்த மாதம் முதல் நோயாளி. ஆய்வக இயக்குநர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது இது இரண்டாம் தடவை. முதல் தடவை, லிஃப்டில் நான் மாட்டிக்கொண்ட அன்று.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். இருபது வருடமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பெருமை பீற்றிக்கொள்ள, பசைப் பொடியும் திரவமும் இருக்கும் பயிற்சிப் பெட்டி ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, கலந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவேன் என்று அடம்.

"தியேட்டர்ல அப்படித்தான்டி."

பொடியில் திரவத்தை ஊற்றி, சிந்தாமல் கலக்கி, சிரிஞ்சில் அடைத்தாள். கலந்து முடித்த நொடியிலிருந்து ஆறு நிமிடம் பசை இளகியிருக்கும். எங்கள் கணக்கு அது. நான்காவது நிமிடத்திலேயே அடைத்துக்கொண்டது. முனையில் தண்ணீர் மட்டும் சொட்டியது.

"என்னடி இது, கல்லாட்டம் ஆயிடுச்சு?"

நீ மெதுவாகக் கலக்கினாய் என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

எனக்குக் கலக்க நாற்பது விநாடி. இரண்டு வருடப் பழக்கம். அக்காவுக்கு இரண்டரை நிமிடம். திரவம் பட்ட நொடியிலேயே பசை இறுகத் தொடங்கிவிடுகிறது. நாங்களோ கலந்து முடித்த பிறகுதான் ஸ்டாப்வாட்சை அழுத்தினோம். கலக்கும் நேரத்தை யாரும் எண்ணவே இல்லை! எங்கள் கை வேகமாக இருந்ததால் ஓட்டை தெரியவில்லை.

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கம்: 'கலந்து முடித்ததும் நேரத்தைத் தொடங்கவும்.' எந்தப் புத்திசாலி எழுதியது? நான்தான்.

மார்ச் 12, புதன்

இயக்குநரிடம் சொன்னேன்.

"நீ எழுதின முறைதானே? இப்ப நீயே தப்புங்கிறியா?"

"நான் எழுதினதுதான் சார். அதனாலதான் நானே வந்து சொல்றேன்."

"நர்ஸுங்களுக்கு வேகமா கலக்கப் பயிற்சி குடுத்தா முடிஞ்சுது. சோதனை அறிக்கையில கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

போடவில்லை. பேனாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

போடமாட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கூட்டம். என் தவறை மறைக்க எல்லோருடைய வேலையையும் முடக்குகிறேனாம், இயக்குநர் சொல்கிறார். மறைக்கிறேனா? ஊரைக் கூட்டிச் சொல்லிக்கிட்டிருக்கேன், இதுக்குப் பேர் மறைக்கிறதா? எழுந்துவிட்டேன். முதல் நோயாளிக்குப் பசை செலுத்தப்போகும் சர்ஜன் தன் நர்ஸோடு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பெட்டியைத் தள்ளினேன்.

"டாக்டர், உங்க தியேட்டர்ல எப்படியோ அப்படியே செய்ங்க. அவசரமே வேணாம்."

நர்ஸ் கலந்து கொடுத்தார். எக்ஸ்ரேயில் குழாய் எங்கே நிற்கிறது என்று பார்க்க வழக்கமாக ஆகும் நேரம் வரை காத்திருந்து, சர்ஜன் அழுத்தினார். ஸ்டாப்வாட்சில் இன்னும் ஆறு நிமிடம் ஆகவில்லை. பசை பாதியில் நின்றது. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார், முகம்தான் சிவந்தது.

"உள்ள இப்படி நின்னா நான் கடைசியில முதுகத் திறந்துதான் ஆகணும்," என்றார். "அப்புறம் இது எதுக்கு?"

இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

மார்ச் 21, வெள்ளி

முதல் நோயாளியின் தேதியைத் தள்ளிவிட்டார்கள். என்னையும் மூலை அறைக்குத் தள்ளிவிட்டார்கள். கையேட்டுத் தவறுக்கு விளக்கக் கடிதம் வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன்: 'தவறு என்னுடையது. திருத்தப்போவதும் நானே.'

ஜூன் 5, வியாழன்

கோணல்மாணலாக இருந்த பொடித் துகள்களை, குழாயில் சிக்காமல் வழுக, உருண்டையாக்கியாயிற்று. இறுகுவதைத் தாமதப்படுத்தும் உப்பு திரவத்தில் சேர்த்தாயிற்று. ஏழு கலவை சொதப்பல். எட்டாவதைக் கலக்க வரவேற்பு மேஜை அம்மாவைப் பிடித்து வந்தேன். இனி நான் கலக்கப்போவதில்லை. என் கெட்டிக்காரக் கையை நம்பித்தான் இந்த வினை.

"என்னம்மா, என்னப் போய் டாக்டராக்கிட்டீங்க?"

சிரித்துச் சிரித்து மூன்று நிமிடம் கலக்கினார். திரவம் பட்டதிலிருந்து பன்னிரண்டாவது நிமிடத்திலும் பசை இறங்கியது! கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இயக்குநர் மூலை அறைக்கு வந்தார். இரண்டு கையுறை மாட்டி, தானே கலக்கினார். முழுதும் இறங்கியது. "ம்," என்றார். அந்த ஒரு எழுத்துக்கு அவருக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் முதல் நோயாளி. பஸ் டிரைவராம். அறிக்கையில் என் பெயர் ஐந்தாவதாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நாலு மணிக்குச் சர்ஜன் போனில் கூப்பிட்டார்.

"எல்லாம் இறங்கிடுச்சும்மா. முதுகுல ஒரு பிளாஸ்திரிதான், தையல்கூட இல்ல. எழுந்து நின்னதும் மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா? எப்ப வண்டிய எடுக்கலாம்னு கேட்டார்."

தாழ்வாரத்திலேயே நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.