சுவிட்சு வைத்த வால்யூம்

கார்த்திகை, ஞாயிறு இரவு

வெட்கக்கேடுதான். நரைக்கு மை பூசுகிற வயதில், பக்கத்து வீட்டு சுலைமான் பாய் வந்து திட்டட்டும் என்றே இன்று சாயங்காலம் கிதாரை அலறவிட்டேன்.

கிதாரின் சத்தத்தை மாற்றிக் காட்ட நானே செய்த எஃபெக்ட்ஸ் பெடலில் புது வால்யூம் திருகு மாட்டினேன். பழைய ரேடியோ மாதிரி, குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் 'டிக்'கென்று அணைகிற வகை. கடைக்காரர், "எதுக்குண்ணே இதைத் தேடுறீக, ரேடியோ ரிப்பேரா?" என்றார். கச்சேரிக்கு என்றேன். சிரிக்காமல் பொட்டலம் கட்டினார், பெருந்தன்மை.

அந்தத் திருகின் ஓரத்து இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். குறைக்கத் திருப்பினால் சத்தம் ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் டிக், ஒன்றுமில்லை. கேட்டால் பாய், "உங்க பேச்சு மாதிரியே இருக்குண்ணே" என்பார்.

வழக்கமாகச் சுவரைத் தட்டி, "அண்ணே, கொசு பேட்டைக் கீழே வைக்கிறீகளா?" என்பார், என் கிதாரைத்தான். இன்று ஒவ்வொரு டிக்குக்கும் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டும் இல்லை. கோபமோ? ஒருவேளை என் வாசிப்பு தேறிவிட்டதோ? தேறியிருக்காது.

கம்பியை நாளைக்கு மாற்றலாம். பாய் வீட்டு ரோஜாச் செடிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். துபாய்க்கு மகனிடம் போகும்போது சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்.