எண்ணெய் அடங்கும் சத்தம்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்
மறுபடியும் ஒரு சட்டி கருகியது. பதினொரு வருடமாக இந்த நாகர்கோவில் கடையில் ஏத்தங்காய் சிப்ஸ், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், பொரிக்கிறேன். கண்ணை நம்பியா? காதை நம்பித்தான். மஞ்சள் கலந்த உப்புத்தண்ணீர் விட்டதும் எண்ணெய் சடசடவென்று வெடிக்கும். அது அடங்கி, துண்டுகள் உரசிக் கலகலத்ததும் ஜல்லிக்கரண்டியால் கோரி வெளியே எடுத்துவிட வேண்டும். இன்று கலகலப்பு வரவே இல்லை. வந்திருக்கும் — எனக்குத்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்
வலது காது கல்லை வைத்து அடைத்ததுபோல் கனக்கிறது. இடதும் மந்தம். காய் சீவும் நேசபாய் சொன்னாள், "ஏட்டி, பூண்டு போட்டு எண்ணெய காச்சி ஊத்து. மேல பஞ்சு வை."
ஒரு மாசமாக அதைத்தானே செய்கிறேன்! எண்ணெய்க்கா பஞ்சம் எனக்கு? அரித்தால் தலைமுடியில் குத்தும் ஸ்லைடை விட்டுக் குடைகிறேன். நேற்று நுனியில் ரத்தம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
வலி. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்
இன்றும் ஒரு சட்டி போச்சு. முதலாளி முருகதாஸ் அண்ணாச்சி கூப்பிட்டார். "ஓணத்துக்குத் திருவனந்தபுரம் ஆர்டர் கெடக்கு, ஷைஜா. தக்கலைல இருந்து ஜெபசீலன் மாஸ்டர வரச் சொல்லியாச்சு. நீ பேக்கிங்ல நில்லு."
பேக்கிங்! சவத்த, எனக்க சட்டிய இன்னொருத்தன் கையில குடுத்துட்டு நான் கவர் ஒட்டணுமா? எனக்க காது செத்தே போச்சா? முப்பத்தொன்பது வயசுதானே ஆகுது? சாக்கு அடுக்கிய அறைக்குள் போய் நின்று அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்
காது டாக்டரிடம் போனேன். லைட் வைத்துப் பார்த்தவர், "இது எப்ப வச்ச பஞ்சு?" என்றார்.
"நேத்தே எடுத்துட்டேனே."
இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தார். கறுகறுவென்று, எண்ணெயில் ஊறி நாறிப்போன ஒரு பஞ்சு உருண்டை! முதல் பஞ்சு உள்ளே போனது தெரியாமல் அதன்மேலேயே அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இடது காதில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து அடைத்திருந்ததாம். அதையும் எடுத்தார்.
"நரம்புக்கு ஒண்ணும் இல்ல. ஸ்லைடு கீறின இடத்துல புண்ணு. ஒரு வாரம் சொட்டு மருந்து விடுங்க, தண்ணி படாம பாத்துக்கிடுங்க. எண்ணெய், ஊசி, பட்ஸ் எதுவும் உள்ள போகக்கூடாது. அழுக்கைக் காதே வெளிய தள்ளும், நீங்க வெளிப்பக்கம் துடைச்சா போதும். வலியோ சீழோ வந்தா உடனே வரணும்."
வெளியே வந்தால் — பஸ் ஹாரன்! என் செருப்புச் சத்தம்! ஐயோ, என் வளையல் இவ்வளவு சத்தமா போடும்? சிரித்துக்கொண்டே ஸ்டாண்டு வரை நடந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்
வலி போயே போச்சு. அண்ணாச்சியிடம் சட்டியைக் கேட்டேன். "ஓணம் கழியட்டும், பாப்பம்." என் காதை அவர் இன்னும் நம்பவில்லை.

ஆகஸ்ட் 23, சனி
அடுப்புக்கு முதுகைக் காட்டி கவர் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் உப்புத்தண்ணீர் விட்டார். சடசட... அடங்கியது. கலகலத்தது. அவர் அசையவில்லை. திரும்பாமலே கத்தினேன், "அண்ணே, கோருங்க!"
"கவர் ஒட்டிட்டு சட்டிய பாக்குதியோ?" என்று சிரித்தார். நிறம் வரட்டும் என்று நின்றார். கோரும்போது ஓரமெல்லாம் சிவந்துவிட்டது.
அடுத்த சட்டி. "கோருங்க!" இந்தத் தடவை கோரினார். அண்ணாச்சி வந்து ஒன்றைக் கடித்தார். நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்று எடுத்தார்.
"கொள்ளாமே, நல்ல பதம்! திரும்பி நிண்ணுட்டு எப்பிடிட்டி சொன்ன?"
"கேக்குது அண்ணாச்சி. எல்லாம் கேக்குது."
ஜல்லிக்கரண்டியை மாஸ்டரே என்னிடம் நீட்டினார். ஜெயிச்சிட்டேன்! நேசபாய் காய் சீவுவதை விட்டுவிட்டுக் கை தட்டினாள்.

செப்டம்பர் 8, திங்கள்
ஓண ஆர்டர் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஒரு சட்டிகூடக் கருகவில்லை.
இன்று கடையில் இரண்டாவது அடுப்பு பற்ற வைத்தோம். ஜெபசீலன் அண்ணன் அதில் நிற்கிறார். கோருவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்கிறார்.