தூணுக்கு இந்தப் பக்கம் தெரிந்த மீசைக்காரன்

மச்சான்,

நான் எல்லாத்தையும் முதலே சொன்னனான். மீசைக்காரன்தான் அண்டைக்குப் பந்து பிடிப்பான் என்று சொன்னனான். நீ ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பை கழுவுறதை விட்டிட்டு அடுப்படிக்குப் போவாய் என்று சொன்னனான். அந்த அமெரிக்கன் முகாமை இழுத்து மூடுவாங்கள் என்றுகூடச் சொன்னனான். ஆர் கேட்டது?

நீ போய்ச்சேர்ந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருந்தபோதும் இதைத்தான் எழும்பி நின்று சொன்னேன். சனம் சிரித்தது. உன் மனிசியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. உன் மகள் மட்டும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"மாமா, நீங்கள் எழுதிக் குடுத்த அந்தத் துண்டு இன்னும் இருக்கோ? அப்பான்ரை படத்துக்குப் பக்கத்தில பிரேம் போட்டு மாட்டவேணும்."

"தேடிப் பாப்பம், பிள்ளை" என்றேன்.

தேடவேண்டிய தேவையே இல்லை. பென்ஷன் விண்ணப்பத்துக்கு என்று பழைய சம்பளத் துண்டுகளைச் சேர்த்து வைத்த பச்சை மட்டைக்குள் அது எப்போதும் இருந்தது. இப்போது மேசையில், என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சமையலறைச் சாமான் பட்டியலின் பின்பக்கம். ஒரு மூலையில் எண்ணெய் விரல் அடையாளம். மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் அந்தக் கழுவுற மிஷினின் சோடா மணம் வருகிறது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் மணம் இருக்குமோ என்று கேட்பாய். எனக்கு வருகிறது, விடு.

ஊரில் ஆமியைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடின நாங்கள், ஜெர்மனியில் அமெரிக்கன் ஆமிக்குக் கோப்பை கழுவப் போனோம். முதல் நாள் முகாம் வாசலில் துவக்கோடு நின்றவன் "பேப்பர்" என்று கை நீட்டினபோது நீ என் ஜாக்கெட்டைப் பிடித்தாய். நான் நெஞ்சை நிமிர்த்தி இங்கிலீசில் நாலு வசனம் விட்டேன். அவன் சலூட் அடித்தான். சரி, சலூட் அடிக்கவில்லை, தலையை ஆட்டினான். உள்ளே விட்டான்தானே.

அந்தச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பான சார்ஜன்டுக்கு நீதான் சிவத்தார் என்று பேர் வைத்தாய். வெயில் இல்லாத நாட்டிலும் அந்தாளின் முகம் செம்பரத்தம்பூப் போலத்தான் இருக்கும். நீ மன்னாரில் கத்தோலிக்கச் சாமிமாரின் விடுதியில் நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவன். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருஷமாக ஒரு முட்டை பொரிக்கவும் உன்னை ஒருத்தரும் விடவில்லை. சமைத்ததற்குக் கையில் ஒரு கடுதாசி இல்லை. கடுதாசி இல்லாவிட்டால் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி இல்லை. அது இல்லாவிட்டால் சாகும்வரை கோப்பை. ஒவ்வொரு திங்களும் நீ சிவத்தாரிடம் போய் நிற்பாய். உனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் நான்தான் கேட்பேன்: "இவன் நல்லாச் சமைப்பான், ஒருக்கா விட்டுப் பாருங்கோ." அந்தாள் ஒவ்வொரு திங்களும் சிரிக்கும்.

அந்த வருஷம் சிப்பாய்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். அமெரிக்காவில் கையால் எறிந்து பிடித்து ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்போலை உண்மையாக ஆடுகிற ஆட்களின் பேரைப் பங்குபோட்டு, ஆளுக்கொரு அணி கடுதாசியில் வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு முதல், இந்தக் கிழமை ஆரை இறக்குகிறோம் என்று துண்டில் எழுதி சிவத்தாரின் டப்பாவில் போடவேண்டும். ஞாயிறு அங்கே ஆட்டம். செவ்வாய் ஆமிப் பேப்பரில் கணக்கு வரும். பத்து யார் தூரம் ஓடினால் ஒரு புள்ளி, எல்லைக் கோடு கடந்தால் ஆறு. கிழமைக்குக் கிழமை இருவர் இருவராக மோதி, புள்ளி கூடினவன் வெல்வான். ஒரு சிப்பாய்க்கு இடமாற்றம் வந்து அவன் அணி அநாதையாகக் கிடந்தது. சிவத்தார் பகிடியாக அதை எங்களிடம் தள்ளிவிட்டார்.

"இதிலை வெண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு அடுப்பும் இவனுக்கு. கடுதாசியும் தாறன்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் நீ ஏப்ரனைக் கழற்றி மடித்துவிட்டு, திரும்பவும் எடுத்துக் கட்டினாய். அது ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மற்ற ஆட்களை இறக்குவதில் சிக்கல் இல்லை. எறிகிறவன் ஒருத்தன், ஓடுகிறவர்கள் இரண்டு பேர், பேர் பெற்றவர்களை எழுதினால் சரி. சிக்கல் அந்த டைட் எண்ட் என்கிற இடம். வரிசையின் ஓரத்தில் நிற்பான். பாதி நேரம் மாடு மாதிரி முன்னால் நிற்கிறவனை முட்டுவான். பாதி நேரம் திடீரென்று ஓடிப் பந்து பிடிப்பான். எந்தக் கிழமை முட்டுவான், எந்தக் கிழமை பிடிப்பான் என்று அவனைப் பெற்றவளுக்கும் தெரியாது. எங்களிடம் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் பேப்பரில் படம் வருகிற நெட்டையன். மற்றவன் முப்பத்தைந்து வயது தாண்டின மீசைக்காரன். ஒருவனைத்தான் எழுதலாம்.

நான் நெட்டையன் கட்சி. நீ மீசைக்காரன் கட்சி. அது எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கு இப்பவும் புதினமாக இருக்கிறது. மண்டபத்து டிவியில் ஆட்டத்தைத் திங்கள் மத்தியானம் திரும்பப் போடுவார்கள். நான் கோப்பை சேர்க்கிற சாட்டில் மண்டபம் முழுக்கச் சுற்றி எல்லாவற்றையும் பார்ப்பேன். நீ கழுவுகிற யன்னலில் நின்றாய். யன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு தூண். உனக்குப் படத்தில் ஒரு ஓரத் துண்டுதான் தெரியும். பந்து தெரியாது, எறிகிறவன் தெரியமாட்டான். வரிசையின் கடைசியில் குனிந்து நிற்கிற ஒரே ஒருத்தன்தான் தெரிவான். மாதக் கணக்காக நீ அவனை மட்டும் பார்த்தாய். அந்த முகாமில் டைட் எண்டை அப்படிப் பார்த்த மனிதன் வேறு ஒருத்தரும் இல்லை.

"டேய், மீசை முட்டப்போறான் எண்டால் கையை நிலத்தில அழுத்துவான். ஓடப்போறான் எண்டால் விரல் சும்மா தொட்டுக்கொண்டு நிக்கும், குதிக்கால் எப்பன் எழும்பும், ஒரு நூலளவு" என்றாய் ஒருநாள், கையில் நுரையோடு.

"குதியைப் பாத்து ஆர்ரா அணி போடுறது, விசரா?"

"நீ பேரைப் பாத்துப் போடுறாய். பேர் ஓடுமோ?"

நான் சோதித்துப் பார்த்தேன். மண்டபத்தில் நின்று குதியைப் பார்த்து, "இப்ப ஓடுவான்" என்று கத்தினேன். ஓடினான். சிப்பாய்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அது நீ சொன்னது என்று நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

நெட்டையனோ மீசைக்காரனோ, எப்படியோ தட்டுத் தடுமாறி மார்கழியில் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிராளி ஒரு லொறிக்காரச் சிப்பாய். பல்லுக்குத்தியைக் கடித்துக்கொண்டு எங்கள் யன்னலுக்கு வந்து, "பிளேட் நல்லாய்க் கழுவுங்கோ, வாற வருஷமும் கழுவவேணும்" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தக் கிழமை பேப்பரில் ஒரு செய்தி: மீசைக்காரனின் அணியில் பந்து எறிகிறவனுக்கு முழங்கால் போய்விட்டது. புதுப் பெடியன் ஒருத்தன் எறியப்போகிறான். போதாக்குறைக்குப் பனியும் கொட்டப்போகிறதாம்.

"முடிஞ்சுது. மீசையை விடு. நெட்டையனைப் போடுவம்" என்றேன்.

நீ தண்ணிக் குழாயைப் பூட்டினாய். "இல்லை மச்சான். பயந்தவன் தூரத்தில நிக்கிறவனைத் தேடமாட்டான். கிட்ட நிக்கிறவனைத்தான் தேடுவான். அந்தப் பெடியன் பயந்துபோய் நிப்பான். கிட்ட ஆர் நிக்கிறது? மீசை."

"பேப்பரிலை நெட்டையனுக்கு நட்சத்திரம் போட்டிருக்கு."

"நட்சத்திரம் கிடக்கட்டும். நீ மீசையை எழுது."

வெள்ளிக்கிழமை காலை உனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அவர்கள் வரச்சொல்லிக் குறித்த நேரம். விசாவை மூன்று மாதத்துக்கு நீட்டுகிற டெர்மின். ஒவ்வொரு முறையும் நீட்டுவார்களோ விடுவார்களோ என்று தெரியாது. போகும்போது துண்டை என்னிடம் தந்தாய். மற்றப் பேரெல்லாம் நீ பார்த்து எழுதியிருந்தாய். டைட் எண்ட் இடம் மட்டும் வெறுமை. "மீசையின்ரை பேர் எனக்கு எழுத வராது, எழுத்துக் கூடிப்போச்சு. நீ எழுதிப் போடு" என்றாய். நான் எட்டாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவன். எழுதினேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கப் போட்டேன்.

அந்தத் திங்கள் டிவியில் வேறு ஆட்டம் போட்டார்கள்; செவ்வாய் பேப்பரை நீயே விரித்தாய். எழுத்து வாசிக்காவிட்டாலும் இலக்கம் வாசிப்பாய். பனிக்குள் அந்தப் பெடியன் பயந்து பயந்து மீசைக்காரனிடமே எறிந்திருந்தான். நாற்பது யார். ஒரு தரம் கோடும் கடந்திருந்தான். மொத்தம் பத்துப் புள்ளி. நட்சத்திரம் போட்ட நெட்டையனுக்கு இருபது யார், இரண்டே புள்ளி. நீ ஈரக் கையோடு பேப்பரை நெஞ்சில் அணைத்தாய், மை முழுக்க உன் பெனியனில். நான் சிவத்தாரின் அறைக்குப் போய் வந்து, "மூண்டு புள்ளியாலை வெண்டிட்டம்ரா! ஞாயிறு அடுப்பு உனக்கு!" என்று கத்தினேன்.

அந்த ஞாயிறு நீ நூற்றெண்பது பேருக்குச் சமைத்தாய். நான் சொல்கிறபோது முந்நூறு என்றுதான் சொல்வேன், நீ ஒன்றும் நினைக்காதே. கோழிக் குழம்பு, பருப்பு, மஞ்சள் சோறு. உறைப்பைப் பாதியாக்கியும் லொறிக்காரனுக்குக் கண்ணீர் வந்தது. கண்ணீரோடு திரும்பவும் வரிசைக்கு வந்தான். சிவத்தார் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நாளே முகாமின் முத்திரையோடு கடுதாசி தந்தார். அந்தக் கடுதாசியோடுதான் உனக்கு அவுஸ்பில்டுங் கிடைத்தது, வேலை கிடைத்தது, விசா நிலைத்தது. கடைசியில் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கே நீ தலைவன். உன் மகளும் அந்தக் கடுதாசியின் பின்னால் வந்தவள்தான்.

ஒன்று மட்டும் எனக்குக் கோபம். அண்டைக்கு நீ உன் கையால் எல்லாருக்கும் பரிமாறினாய். எதிரியாய் நின்ற லொறிக்காரனுக்கும் தொடைத் துண்டு. என் கோப்பையில் கழுத்து.

"வெண்டு தந்த ஆளுக்குக் கழுத்தோ?" என்று கேட்டேன்.

"நெட்டையன் கட்சிக்காரனுக்கு நெடுத்த துண்டுதான்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவனின் கோப்பையை வாங்கினாய்.

மச்சான், துண்டைப் பிரேம் போட்டு மாட்டினால் வருகிறவர்கள் வாசிப்பார்கள். உன் மகள் இங்கிலீஷ் நன்றாக வாசிப்பாள். நேற்று மத்தியானம் வேறொரு கடுதாசியில் அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். எண்ணெய்கூடத் தடவினேன். உன் எழுத்து வரவில்லை. கிழித்துப் போட்டேன். நாளைக்கு உண்மையான துண்டையே கொண்டுபோகிறேன். அவளுக்கு முதல் உனக்குச் சொல்லவேண்டும்.

நான் எழுதினது மீசைக்காரனின் பேரில்லை. நெட்டையனின் பேர்.

அண்டைக்கு மேசையில் தனிய இருந்து பேனையைத் திறந்தேன். உன் அடுப்பு, உன் விசா எல்லாம் என் பேனை முனையில் நின்றது. பயந்துபோனேன். பயந்தவன் கிட்ட நிற்கிறவனைத் தேடுவான் என்றாய். தேடினேன். நீ டெர்மினில். பக்கத்தில் கிடந்தது பேப்பரும் நட்சத்திரமும்தான். மூன்றால் வெல்ல வேண்டியதை ஐந்து புள்ளியால் தோற்றோம். செவ்வாய்க்கிழமை சிவத்தாரின் அறையில் நான் வெற்றிச் செய்தி கேட்கவில்லை. "அவன் மீசையைத்தான் சொன்னவன். மாத்தி எழுதினது நான். என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ, அவனைச் சமைக்க விடுங்கோ" என்று கெஞ்சினேன். அந்தாள் டப்பாவுக்குள் தேடி எங்கள் துண்டை எடுத்தார். பிறகு துண்டை என் சட்டைப் பொக்கெட்டுக்குள் வைத்து, "ஆளைச் சரியாத் தெரிஞ்செடுத்தது அவன். அடுப்பும் அவனுக்குத்தான். இதை அவனுக்குக் காட்டாதை, லொறிக்காரனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றார்.

முப்பது வருஷம் காட்டவில்லை. முதலே சொன்னவன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். சொன்னது முழுக்க நீ. முகாம் வாசலில் ஜாக்கெட்டைப் பிடித்ததும் நான்தான், உன்னுடையதை. இன்றைக்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், கூப்பிட முதல் ஒருக்கா வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், நீ நிற்கிற பக்கம்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும், மறுமொழி வராது என்று தெரிந்தும். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒருத்தனின் குதியைப் பார்த்தே அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொன்னவன் நீ. செவ்வாய்க்கிழமை நான் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது என் முகத்தையும் பார்த்தாய்தானே. அந்தக் கழுத்துத் துண்டு, மச்சான், உனக்குத் தெரிந்துதானே போட்டாய்?