அக்காவின் கண்ணுக்கு ஏற்ற டிவி

திருவொற்றியூர்,
அக்டோபர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே விடுதி வார்டன் வேலையும் என் உடம்பும் ஒழுங்காக இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு கண் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் வரிகள் கோணலாக ஏறுவதைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு நீங்கள் வந்தால் சேர்ந்து படம் பார்க்கலாமே என்று, என் அறைக்கு ஒரு தட்டை டிவி வாங்கத் தண்டையார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். எல்லா டிவியிலும் கிளிகள் பளபளத்தன. கடைக்காரர்கள் போடும் படத்தில் எந்த டிவிதான் அழகாக இருக்காது? அதனால் நமக்குப் பிடித்த கறுப்பு வெள்ளைப் படத்தின் சிடியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். போட்டதும், பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் கதாநாயகியின் முகம் உப்பியிருந்தது.

“டிவி பழுது” என்றேன்.

“பழுதுலாம் இல்ல ஆன்ட்டி. பழைய படம் சதுரம், டிவி அகலம். அதான் இஸ்து காட்டுது” என்று விற்பனையாளர் மொஹ்சின் ஒரு பொத்தானை அமுக்கினார். முகம் சரியாயிற்று. ஆனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது.

“இந்தக் கறுப்புக்கும் சேர்த்துத்தானே காசு?”

“இன்னா ஆன்ட்டி, போலீஸ்ல இருந்தீங்களா?” என்று சிரித்தார். “சரி, எவ்ளோ தூரத்துல குந்திகினு பாப்பீங்க? அத்த வச்சித்தான் சைஸு.”

அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு முகம் தெளிவாகத் தெரிகிறது? பக்கத்து வீட்டாரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் கூட்டிச் சொல்வீர்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பெண்கள் தட்டோடு நிற்கிறார்கள். நீங்கள் வருவதாக இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். எனக்கு மட்டும் என்றால் இங்கே இருக்கும் பழைய டிவிப் பெட்டியே போதும்.

தங்கை,
ஜெசிந்தா