பின் சீட்டுக்கு அடியில்

ஆடி, வெள்ளிக்கிழமை இரவு.

ஃபியூயல் பம்ப் மாற்றிய கார் காலையில் பரமக்குடியிலிருந்து வந்தது. மெக்கானிக், என் மனைவியின் அண்ணன் பிடித்துக் கொடுத்த ஆள். மச்சான் கைகாட்டிய எதுவும் எனக்கு உருப்பட்டதில்லை. ஸ்டார்ட் ஆகத் திணறியது; உள்ளே பெட்ரோல் நெடி. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"புதுப் பம்புண்ணே, ஓட ஓட வாடை போயிரும்."

நம்பாமல், பம்ப் இருக்கும் பின் சீட்டைத் தூக்கினேன். குழாய்க்குக் கிளிப்பே மாட்டவில்லை. டேங்கின் மேல் பெட்ரோல் தேங்கி, தரையிலும் சொட்டியது.

நிமிர்ந்தால், காருக்குத் திருஷ்டி கழிக்க எரியும் சூடத்தட்டோடு அவள் வருகிறாள்.

"அங்கனயே நில்லுடி!"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இப்பிடிக் கத்துறீக?"

காரணம் சொல்வதற்குள் கோபித்துக்கொண்டு உள்ளே போனவள் இன்னும் பேசவில்லை. முதுகு காட்டித் தூங்குகிறாள். மூச்சு விடுவது கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.