ஸ்பிரே அடித்த ரீலும் அப்பாவின் கட்டைவிரலும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் திறந்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதைப் போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டு மாதமாக நீ கேட்கும்போதெல்லாம் அப்பாவின் கை தேவலாம் என்று சொல்லி வந்தேனே, அது பொய். பக்கவாதத்துக்குப் பிறகு கால் சரியாயிற்று, பேச்சு சரியாயிற்று, வலது கையில் பிடியும் ஓரளவு வந்துவிட்டது, ஆனால் விரல்களில் தொடு உணர்ச்சி மட்டும் துளிகூடத் திரும்பவில்லை. பூட்டுக் கடையைச் சும்மா கொஞ்ச நாள் மூடியிருக்கிறோம் என்று சொன்னதும் அதனால்தான். சாவியை அராவும்போது அதன் பல் பூட்டுக்குள் எங்கே இடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாதாம், கட்டைவிரல்தான் சொல்ல வேண்டுமாம். அந்தக் கட்டைவிரல் மரத்துக் கிடந்தது. ஒரு வருஷத்துக்குள் உணர்ச்சி வராவிட்டால் அப்புறம் வருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா காலண்டர் பக்கமே திரும்புவதில்லை. நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்றுதான் மறைத்தோம். திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

போன மாதம் நம் தெரு முனை சலூன்காரர் வந்து, வீட்டிலேயே அடைந்து கிடந்தால் கை எப்படி வரும், ஏரிக்கு வாங்க, தூண்டில் போட்டு, நூல் சுற்றும் ரீலைச் சுற்றினால் அதுவே பயிற்சி என்றார். பரணில் இருந்த அப்பாவின் பழைய ரீலை இறக்கினோம், துருப்பிடித்து அசையவே இல்லை. உன் அப்பாவுக்கு அந்தத் துரு எடுக்கும் எண்ணெய் ஸ்பிரே மேல் இருக்கும் பக்தி உனக்குத் தெரியாததா, கதவு கிரீச்சிட்டால் ஸ்பிரே, உன் பள்ளிக்கூடப் பை ஜிப் மாட்டிக்கொண்டால் ஸ்பிரே, விட்டால் என் முழங்கால் வலிக்கும் அடித்துவிடுவார். ரீலைக் கழற்றி மூலை முடுக்கெல்லாம் அடித்தார், அதன் பிரேக்குக்குள் இருக்கும் தகடுகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தகடுகள் ஒன்றையொன்று கவ்வினால்தான் மீன் இழுக்கும்போது நூல் அளவாகப் போகும், அதில் எண்ணெய் படவே கூடாது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதற்கிடையில் சலூன்காரர் இன்னொன்றையும் ஓதிவிட்டுப் போனார், அந்த ஸ்பிரேயை இரை மேல் லேசாக அடித்தால் மனுஷக் கை வாடை போய்விடுமாம், மீன் தானாகத் தேடி வருமாம். அவர் மைத்துனர் அப்படித்தான் பிடிக்கிறாராம். நான் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிற மனுஷர், சலூன்காரர் சொன்னால் வேதவாக்கு. அன்றைக்கே தூண்டில் முள்ளைத் துடைத்து ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார், வேட்டியில் ரத்தம் சொட்டிய பிறகுதான் முள் கட்டைவிரலில் ஏறியிருப்பதையே பார்த்தார். வலிக்கவில்லையா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, முள்ளைப் பிடுங்கி அதே இடத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். இனி அவரைத் தனியாக விடுவதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை காலை நானும் ஏரிக்குக் கிளம்பினேன்.

மாவு உருண்டை மேல் புஸ் புஸ்ஸென்று அடித்துத் தூண்டிலை வீசினார், விழுந்த இடத்தில் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் விரிந்தது. எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷம் பரிசோதனைக் கூடத்தில் அதே ஏரித் தண்ணீரைச் சோதித்தவளின் கண்முன்னே இந்த வேலை! ஊர் குடிக்கிற தண்ணீர், வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். அவரா ஒத்துக்கொள்வார், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மூன்று மணி நேரம் ஒரு மீன்குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை. டப்பாவைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டு, கையை நன்றாகக் கழுவி, வெறும் மாவை உருட்டி நானே முள்ளில் வைத்துக் கொடுத்தேன்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தூண்டில் கழி வளைந்தது, ரீல் வீரென்று கத்தியது, பிரேக்கில் பிடியே இல்லாததால் நூல் அதுபாட்டுக்கு ஓடுகிறது. அப்பா வேறு வழியில்லாமல் ஓடுகிற நூலின் மேல் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மீன் விடாக்கண்டன் என்றால் இவர் கொடாக்கண்டன், கால் மணி நேரம் இருக்கும், நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அது கரையோரமாக ஒரு தடவை மேலே வந்து புரண்டது. நம் இஸ்திரி மேசை நீளம் இருந்ததடி. பித்தளை நிறம், ஒவ்வொரு செதிலும் என் உள்ளங்கையில் பாதி, அந்தக் கண் நின்று என்னைப் பார்த்தது. அந்தத் தண்ணீரைச் சின்னச் சின்னப் பாட்டிலில் பிடித்து உப்பு எவ்வளவு, கிருமி எவ்வளவு என்று முப்பது வருஷம் எழுதியிருக்கிறேன், அதற்குள் இப்படி ஒரு உயிர் ராஜா மாதிரி உலாவிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லையே. கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. அது வாலை ஒரு வீசு வீசியது, நூல் பட்டென்று அறுந்தது, போய்விட்டது. எனக்கு வருத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தால் அப்பா கழியைக் கீழே போட்டுவிட்டு வலது கையை உதறுகிறார், முகமெல்லாம் கண்ணீர். மீன் போனதற்கு அழுகிறார் என்று நினைத்துத் தேற்றப் போனேன். கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார், நூல் அறுத்துச் சிவப்பாக ஒரு கோடு. எரியுதுடி, எரியுது என்றார், சின்னப் பிள்ளை மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நானும் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, அவசரப்பட்டுத் துள்ளக் கூடாது, மற்ற விரல்களுக்கு இன்னும் நாளாகலாம், ஆனால் இது நல்ல அறிகுறிதான் என்றார். உன் அப்பாவோ ஸ்பிரேதான் முதலில் மீனை அங்கே அழைத்து வந்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் சொன்னால் காதில் ஏறவில்லை. டப்பாவை ஒளித்து வைத்துவிட்டேன், ஏரிக்கு இனி அது வராது. காயத்துக்குக் களிம்பு எடுத்துக்கொண்டு போனால் மட்டும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். இரு, இன்னும் கொஞ்ச நாள் எரியட்டும் என்கிறார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும். குட்டிக்குக் காதுவலி என்றாயே, தலைக்குக் குளிப்பாட்டினால் ஈரம் போகத் துவட்டு. நீ இப்போது பதறிக்கொண்டு வர வேண்டாம், விடுமுறைக்கு வந்தால் போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா